மகனை ஹிஃப்ழு மதரஸாவில் சேர்க்கும் முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

மதுரையில் பிள்ளையை ஹிஃப்ழு ஓத, அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்ய, விடுதியில் விடுகிற குடும்பங்கள் பொதுவாக மூன்று விஷயம்தான் விசாரிப்பார்கள். சாப்பாடு எப்படி, பாத்ரூம் சுத்தமா, மாதத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்கு விடுவாங்க. "அங்க அடிப்பாங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஹஜ்ரத்தை, அதாவது ஓதிக் கொடுக்கிறவரை, சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சுக்கங்க ஹஜ்ரத், புள்ள ஓதி வந்தாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே ஒப்படைத்துவிட்டு வருகிற வீடுகளும் உண்டு. என் மகனைச் சேர்த்த அன்று பெரிய மச்சான், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், இதே வசனத்தைச் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பையன் மட்டும் என் முகத்தைப் பார்த்தான்.

நாங்கள் இருப்பது மகபூப்பாளையம். வீட்டுக்காரர் ரியாத்தில் ஏசி மெக்கானிக். வீட்டில் நான், மாமி (வீட்டுக்காரரின் அம்மா), மகன், அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள். மகனுக்கு எட்டு வயது. தெருவில் சின்னப் பிள்ளைகள் ஓதுகிற மக்தபிலேயே குர்ஆனைப் பார்த்து ஓதி முடித்துவிட்டான். குரலும் நல்ல குரல். குடும்பத்தில் குர்ஆனை முழுக்க மனப்பாடம் செய்த ஒரு ஹாஃபிழ் வேண்டும் என்பது மாமியின் ரொம்ப நாள் ஆசை. குர்ஆனை ஓதி அதன்படி நடக்கிறவனின் பெற்றோருக்கு மறுமையில் கிரீடம் சூட்டப்படும் என்ற ஹதீஸை (நபிமொழியை) அவர் வாய் ஓயாமல் சொல்வார். எனக்கும் அந்த ஆசை உண்டு, இன்றும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு "மதரஸாவே வேண்டாம்" என்று யாராவது முடிவெடுத்தால் அது நான் சொல்ல வந்தது இல்லை.

பணக் கதையை முதலில் முடித்துவிடலாம். பெரும்பாலான ஹிஃப்ழு மதரஸாக்கள் ஸகாத், ஸதகா என்கிற தர்மப் பணத்தில் ஓடுகிறவை; பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. நாங்கள் சேர்த்த இடம், நகரத்துக்கு வெளியே, "ஹிஃப்ழோடு பள்ளிப் படிப்பும் உண்டு" என்று நோட்டீஸ் அடித்திருந்தது. சேர்க்கைக்கு 15,000. மாதம் 3,500; வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 38,000. அதற்கு மேல் ட்ரங்க் பெட்டி, மெத்தை, தலையணை, வெள்ளை ஜுப்பா தைத்த கூலி, தட்டு, வாளி என்று ஒரு 8,000. ரியாத்திலிருந்து வந்தது போதாமல் என் வளையல் ஒரு ஜோடியை அடகு வைத்தேன். ரசீது கொடுத்தார்கள். வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டேன். அதில் "கட்டணம்" என்று இல்லை, "நன்கொடை" என்று எழுதியிருந்தது. இந்த ஒரு சொல்லால் பிறகு என்ன பாடுபட்டேன் என்று கீழே சொல்கிறேன். பணம் கட்டுகிற இடத்திலேயே ரசீதைப் படியுங்கள். எதற்காக வாங்குகிறார்களோ அது அதில் இருக்கட்டும், எத்தனை மாதத்துக்கு என்பதும் இருக்கட்டும். பாதியில் பிள்ளையை எடுத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீனுடைய, அதாவது மார்க்கத்துடைய, வேலையில் போய் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிற வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282. கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சேர்த்த பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல் ஐந்து நிமிடம் போன் பேசலாம். போன் ஹஜ்ரத்தின் மேஜை மேல் இருக்கும், ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்மா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்மா." இதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வீட்டில் இருந்தபோது பேசிப் பேசியே காதைத் தின்கிற பிள்ளை. "ஓதுற எடத்துல அதபு (மரியாதை) வந்துருச்சு பாத்தியா" என்று மாமிக்குச் சந்தோஷம். மாதம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவான். குளிப்பாட்ட விடமாட்டான், "நான் பெரிய பையன்" என்று கதவைச் சாத்திக்கொள்வான். படுக்கையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தான். நான்கு வயதிலேயே நின்றுபோன பழக்கம் அது. அலமாரி மேலிருந்து எதையாவது எடுக்க நான் கையைத் தூக்கினால் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொள்வான். இவை தனித்தனியாக வந்ததால், ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒவ்வொரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் மாறினது, பனி, திருஷ்டி. ஓதிப் பார்த்துத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். விடுதியில் இருக்கிற பிள்ளை பேச்சைக் குறைத்து, உடம்பைக் காட்ட மறுத்து, படுக்கையை நனைத்தால், மூன்றும் சேர்ந்து வந்தால், அடி விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவன் தூங்கிய பிறகு நனைந்த விரிப்பை மாற்றப் போனேன். கைலி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இடது கெண்டைக்காலில் குறுக்காக மூன்று கோடு. நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அதன் மேலேயே புதிதாக ஒரு கோடு, தோல் லேசாகப் பிரிந்து, தேங்காயெண்ணெய் தடவிய பளபளப்போடு. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன், குதிகாலுக்கு முன்னால் வீங்கியிருந்தது. காலையிலிருந்து ஓரக்கால் வைத்து நடந்தது அதனால்தான். நான் கத்தவில்லை. மாமி எழுந்துவிடுவாரே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதை நினைத்து அன்று இரவு முழுக்க எனக்கு நானே வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மெதுவாகக் கேட்டேன். சொன்னான். குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்உவில் அபஸ சூரா (அத்தியாயம்) அவனுக்கு ஸபக், அதாவது புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம். ஒரு இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறியிருக்கிறான். தடுமாறினால் கெண்டைக்காலில் பிரம்பு, மறுநாளும் தடுமாறினால் உள்ளங்காலில். உள்ளங்காலில் அடிக்கும்போது இன்னொரு பையன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "நானும் பிடிச்சிருக்கேன்மா, பிடிக்கலைன்னா நமக்கு விழும்" என்றான். அடிபட்டதைச் சொல்லும்போது அழாதவன், இதைச் சொல்லும்போது அழுதான். எண்ணெய் தடவிவிட்டது யார் என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைப் பையனாம். அவனுக்கும் வயது ஒன்பதோ பத்தோதான்.

வீட்டில் சொன்னதும் வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் இதேதான் வரும். மாமி: "ஹஜ்ரத் கை பட்ட எடத்த நரக நெருப்பு தீண்டாதும்மா." ரியாத்திலிருந்து அவர்: "நாங்கள்லாம் அடி வாங்கித்தான் ஓதுனோம், செத்தா போயிட்டோம்?" பெரிய மச்சான் சொன்னதுதான் கனமான பதில்: "இப்ப நாடு இருக்கிற இருப்புல இதை வெளிய கொண்டு போனா மதரஸான்னாலே இப்படித்தான்னு பேசுவாங்க. நம்ம கையாலயே நம்ம கண்ணைக் குத்திக்கணுமா?" அவர் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அப்படிப் பேசக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக எட்டு வயதுப் பிள்ளையின் காலைக் கொடுக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரம்பால் அடிக்கிற வாத்தியார் எல்லாச் சமூகத்திலும் இருந்தார், இருக்கிறார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரம்பு சாதாரணமாக இருந்த காலத்தில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம். மூடி வைத்தால்தான் சமூகத்துக்குப் பேர் கெடும். இதை அவரிடம் சொன்னபோது எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

ஆக, தனியாகத்தான் போனேன். மகளை என் அம்மா வீட்டில், காஜிமார் தெருப் பக்கம், விட்டுவிட்டு, அவனை ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனைக்கு. அதற்கு முன் பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினேன். களிம்பு எழுதிக் கொடுத்தவர், "அடிபட்ட கேஸ், நான் எதுவும் எழுத முடியாது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவர் சொன்னது நல்லதுக்குத்தான். அரசு மருத்துவமனையில் ஒருவர் அடித்த காயம் என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள், ஏ.ஆர். என்பார்கள். எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், யார் எதால் அடித்ததாகச் சொல்லப்பட்டது, எல்லாம் அதில் ஏறும். அங்கிருந்து போலீசுக்கும் தகவல் போகும். இந்தப் பதிவு இல்லை என்றால் பிறகு நீங்கள் சொல்வது வெறும் பேச்சு. கன்றிய நிறம் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும், குடும்பத்தைச் சம்மதிக்க வைக்க அதற்குள் முடியாது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு சம்மதம். வீட்டிலேயே போட்டோவும் எடுத்துவிடுங்கள், காயத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் ஸ்கேலை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில். அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பினால் இரவு இஷா தொழுகைக்குள் ஊருக்கே போய்விடும், நாளைக்கு அந்தப் பிள்ளைதான் அதோடு வாழ வேண்டும்.

பிறகு 1098, குழந்தைகளுக்கான உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவர்கள் மூலமாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்து பேசினார்கள். அங்கேதான் எனக்குச் சட்டம் புரிந்தது, எளிமையாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஆனால் 2012 திருத்தத்தில் மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. அதனால் "ஸ்கூல் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று நிர்வாகம் சொன்னால் அது ஓரளவு சரிதான். அங்கேயே மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இருக்கிறது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் தாக்கித் துன்பப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அமைப்பில் வேலை பார்க்கிறவர் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். பள்ளிக்கூடமா மதரஸாவா மடமா என்று அது பார்ப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் பையனோடு தனியாக உட்கார்ந்து, படம் வரையவிட்டுப் பேசினார். என்னிடம் சொல்லாத சிலதை அவரிடம் சொன்னான். பக்கத்தில் நாம் இருந்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசும், வெளியே உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

மதரஸாவுக்குச் சாமான் எடுக்கப் போனபோது என் தம்பி கூட வந்தான். மதரஸாவை மேற்பார்க்கிற நாஜிர் ஹஜ்ரத் வயதானவர், நல்லவிதமாகத்தான் பேசினார். "பிள்ளைக்குப் பாடம் வரணும்னு பாசத்துல செஞ்சது, நீங்க தாய், உங்களுக்கு மனசு தாங்கல, மாப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். பணம் என்றதும் நிர்வாகி ரசீதைக் கேட்டார். பார்த்துவிட்டு, "நன்கொடை திருப்பித் தர்ற பழக்கம் இல்லம்மா" என்றார். அதற்குள் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் போய் வந்திருந்ததால் பேச்சு கொஞ்சம் இறங்கி, 20,000 கொடுத்தார்கள், மீதிக்கு "பார்க்கலாம்". ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். "எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதியிருந்தது. தம்பி படித்துவிட்டுப் பேனாவை மூடினான். நாங்களே வேறு பேப்பரில், "ரூபாய் 20,000 பெற்றுக்கொண்டேன், மீதி நிலுவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். காசு கையில் வருகிற அந்த நிமிடத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடத் தோன்றும், அதனால் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அடுத்த தலைவலி பள்ளிக்கூடம். "பள்ளிப் படிப்பும் உண்டு" என்றது வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்து இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான். எந்தப் பள்ளிப் பதிவிலும் அவன் பெயர் இல்லை. பழைய தனியார் பள்ளி, இந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. கார்ப்பரேஷன் பள்ளித் தலைமையாசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், டி.சி. தாமதமானாலும் மறுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதாம். பழைய எமிஸ் எண்ணை, பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் எண்ணை, வைத்துத் தேடி எடுத்தார்கள். ஹிஃப்ழுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கிறவர்கள் அந்த எமிஸ் எண்ணை எங்காவது எழுதி வையுங்கள்.

இதற்கிடையில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. சட்டம் என் பக்கம், சரி. மார்க்கம் யார் பக்கம்? வில்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த ஆலிமா ஒருவர் இருக்கிறார், பெண்கள் அரபிக் கல்லூரியில் ஓதிப் பட்டம் வாங்கியவர். அவரிடம் போய் உட்கார்ந்தேன். "எல்லாரும் சொல்றது அபூதாவூதுல வர்ற ஹதீஸ்தான்" என்று கிதாபை, அந்த ஹதீஸ் நூலை, எடுத்தார். ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள், படுக்கையைப் பிரித்து வையுங்கள் என்கிற ஹதீஸ். "இது தொழுகைக்கு. உங்க பையன் அடி வாங்குனது மனப்பாடத்துக்கு. இது பத்து வயசுக்கு. உங்க பையனுக்கு எட்டு. அடிக்கச் சொல்றவங்க இந்த ரெண்டையும் முதல்ல பார்க்கணும்ல?" என்றார். மதுரையில் எங்களைப் போன்ற ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபை, அந்த மார்க்கச் சட்ட வழியை, பின்பற்றுகிறவை. அந்த மத்ஹபின் முக்கியமான நூலான துர்ருல் முக்தார், பத்து வயதுப் பிள்ளையைத் தொழுகைக்காக அடிப்பதைப் பற்றிச் சொல்லும்போதே, கையால்தான், கம்பால் இல்லை என்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய இப்னு ஆபிதீன் மூன்றைத் தாண்டக் கூடாது, ஆசிரியருக்கும் அதே வரம்புதான் என்கிறார். முகத்தில் அடிப்பதை நபியவர்களே தடுத்திருக்கிறார்கள். பிரம்பு, உள்ளங்கால், இன்னொரு பிள்ளையை விட்டுக் காலைப் பிடிக்கச் சொல்வது, இதெல்லாம் எந்தக் கிதாபில் இருக்கிறது?

இன்னும் எடுத்துக் காட்டினார். பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ், தன்னை ஒரு தடவைகூட "சீ" என்று சொன்னதில்லை என்கிறார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. அனஸ் அந்த வீட்டுக்கு வந்தபோது சிறுவன். நபியவர்கள் போர்க்களத்தில் தவிர தன் கையால் யாரையும், ஒரு பெண்ணையோ வேலையாளையோ அடித்ததில்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா நாயகி சொன்னது முஸ்லிமில். ஹஜ்ரத் கை பட்ட இடத்தை நெருப்பு தீண்டாது என்பதற்கு ஹதீஸ் கேட்டேன். "அப்படி ஒண்ணு இல்லம்மா, நம்ம சனம் சொல்ற பேச்சு" என்று முடித்துவிட்டார். அங்கேதான் வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் பற்றியும் முதல் தடவை கேள்விப்பட்டேன். 1377இல் எழுதி முடித்த முகத்திமா என்ற நூலில், பாடம் சொல்லிக் கொடுப்பதில் கடுமை காட்டுவது, அதிலும் சிறு பிள்ளைகளிடம், அவர்களைப் பொய் சொல்லவும் உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று காட்டவும் பழக்கிவிடும் என்று எழுதியிருக்கிறார். அறுநூறு வருடத்துக்கும் முந்தைய பேச்சு. எனக்கு வியாழக்கிழமை போன்தான் ஞாபகம் வந்தது. "நல்லா இருக்கேன்மா."

கடைசியாக அவர் கேட்டார்: "எந்த சூராவுக்கு அடிச்சாங்கன்னு சொன்னீங்க?" அபஸ என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த சூரா எதற்கு இறங்கியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று குறுக்கே வந்து நின்றார். நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். அதற்கு அல்லாஹ் கண்டித்து இறக்கியதுதான் அந்த சூரா. கற்றுக்கொள்ள வந்த ஒருவரிடம் முகம் சுளித்ததற்கே கண்டிப்பு, அதுவும் கண் தெரியாத அவருக்கு அந்தச் சுளிப்பு தெரிந்தே இருக்காது. அந்த சூராவை மனப்பாடம் செய்ய வைக்க ஒரு பிள்ளையின் உள்ளங்காலை வீங்க வைத்திருக்கிறார்கள்.

ஆலிமா எடுத்துக் காட்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தம்பி மூலமாக எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு மனுவாகக் கொடுத்தேன். பெண் நேராகப் போய் உட்கார்ந்து பேச அங்கே வழி இல்லை, அது தனிக் கதை. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி படித்துவிட்டு, எங்கள் மக்தபில் கம்பு வைக்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொன்னாராம். எழுத்தில் கேட்டிருக்கிறேன், வரவில்லை. மகனை அடித்த உஸ்தாத் (ஆசிரியர்) அந்த மதரஸாவிலிருந்து நின்றுவிட்டார். வேறு ஜில்லாவில் ஒரு இடத்தில் பாடம் எடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு இடத்தில் பிரம்பால் வெளியே வந்தவர் இன்னொரு இடத்தில் அதே பிரம்போடு உட்காரலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்குக் கிடைத்த தகவலை 1098க்கு மறுபடியும் சொன்னேன். வழக்கு விஷயம் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

சேர்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த உஸ்தாத் இதற்கு முன் எங்கே ஓதிக் கொடுத்தார், ஏன் வந்தார்? நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தால் வகுப்புக்குள் பார்க்க விடுவீர்களா? பாடம் வராத பிள்ளையை என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு வருகிற பதிலைவிட, பதில் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். போன் பேசும்போது தனியாகப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வீட்டிலேயே பிள்ளையோடு ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள், "நன்னி எப்படி இருக்காங்க" என்று அவன் கேட்டால் வந்து கூட்டிப்போ என்று அர்த்தம், இப்படி ஏதாவது. ஒப்படைக்கும்போது அந்தத் தோல் உரிக்கிற வசனத்தை யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, "அடிக்க எங்களுக்குச் சம்மதம் இல்லை ஹஜ்ரத்" என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள். ஹஜ்ரத்துக்குச் சொன்ன மாதிரியும் ஆச்சு. பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அடித்தால் வீட்டில் வந்து சொல்லலாம் என்று.

பையன் இப்போது அதே ஆலிமாவிடம் சாயங்காலம் ஓதுகிறான். மாதம் 500. முதலில் ரொம்ப நாள் குர்ஆனைத் திறக்கவே மாட்டேன் என்றான். அவரும் திறக்கச் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பூனைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்துவிடுவான். பிறகு மற்ற பிள்ளைகள் தப்பாக ஓதும்போது இவனே திருத்த ஆரம்பித்தான். படுக்கை நனைப்பது மெல்ல நின்றது. ஹிஃப்ழு முழுசாக முடிப்பானா தெரியாது. அம்ம ஜுஸ்உ முடித்துவிட்டான், அபஸ உள்பட. அதற்கு ரியாத்திலிருந்து அவன் அத்தா வீடியோ காலில் அழுதார். "நாங்க அடி வாங்கித்தான் ஓதுனோம்" என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை, நானும் கிளறவில்லை.

போன ரஜப் மாதத்தில் அவனுக்குப் பத்து முடிந்தது. மாமி மறக்கவில்லை. "பத்தாயிருச்சு, இனி தொழுகலைன்னா ரெண்டு போடலாம், ஹதீஸ்லயே இருக்கு." நான் சொன்னேன்: "ஏழுலருந்து பத்து வரைக்கும் தினம் அஞ்சு வேளை, மூணு வருசத்துக்கு 5,000 தடவைக்கு மேல பாசமாச் சொல்லியிருக்கணும் மாமி. அதை நாம சொன்னோமா?" மாமி வாயைக் கோணிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு அவனை எழுப்புகிற வேலையை இப்போது அவர்தான் செய்கிறார். அவன் அத்தாவுக்கு அந்த நேரம் அங்கே ராத்திரி இரண்டரை மணி, அவரால் முடியாது. இஷாவுக்கு மட்டும் போன் போட்டு "தொழுதியா" என்று கேட்பார். எழுந்திருக்காத நாளில் மாமி திட்டுகிற திட்டு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எழுந்த நாளில் சுக்குக் காப்பி. வளையலை மீட்டுவிட்டேன். மதரஸாவிலிருந்து வர வேண்டிய மீதி மட்டும் இன்னும் வரவில்லை. ரசீது நகலையும் ஏ.ஆர். நகலையும் வைத்து இன்னொரு கடிதம் எழுதி முடித்திருக்கிறேன், திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும்.